நாலு காலும் நிஜம்

நிரஞ்சனாவின் வீட்டில் நாற்காலிக்கு வயது கிடையாது. கட்டிலுக்கும் கிடையாது. எழுது மேசைக்கு மட்டும் உண்டு.

"இருநூறு வருஷத்து மேசை!" என்பார் அப்பா பல்ராம். அவர் ஃபிஜித் தீவில், தவுவா என்ற ஊரில் கரும்பு பயிரிடுகிறவர். வீட்டுக்கு யார் வந்தாலும், டீ கொடுப்பதற்கு முன்னால் மேசையைக் காட்டிவிட வேண்டும் அவருக்கு.

"இங்கிலாந்துல செஞ்சது. வாத்துக்கோலா தங்கச் சுரங்கத்துல ஒரு வெள்ளைக்கார ஆபீசர் இருந்தாரு. ஊருக்குத் திரும்பறப்போ எங்கப்பாகிட்ட வித்துட்டுப் போனாரு. இந்தப் புழு ஓட்டையைப் பாருங்க. இங்கிலாந்துப் புழு!"

வந்தவர்கள் குனிந்து ஓட்டைகளைப் பார்ப்பார்கள். யாராவது ரொம்ப வியந்துவிட்டால் மேசைக்கு உடனே இன்னும் ஐம்பது வயது கூடிவிடும்.

மேசையும் பார்க்க அழகுதான். கருஞ்சிவப்பு மரம். மேலே பச்சைத் தோல் விரிப்பு, அங்கங்கே பழைய மைத்துளிகள். இரண்டு பக்கமும் இழுப்பறைகள், பித்தளைப் பிடிகள். நடுவில் முழங்காலை நுழைத்து உட்கார இடம். அந்த இடத்தில் ஒரு பெரியவர் உட்காரலாம். அல்லது நிரஞ்சனாவும் இவாவும் சேர்ந்து உட்காரலாம்.

இவா நிரஞ்சனாவின் வகுப்புத் தோழி. ஃபிஜிக்காரப் பெண், அந்த மண்ணின் பூர்வகுடி. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்தில் வீடு. அங்குள்ள இந்தியர்கள் பேசும் ஃபிஜி இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நிரஞ்சனா வீட்டுத் தமிழில் கூட, திட்டுகிற வார்த்தைகள் மட்டும் தெரியும். பள்ளி விட்டதும் இருவரும் அந்த மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். கணக்கு அலுத்துப் போனால் புழு ஓட்டைகளில் குண்டூசியை விட்டு விளையாடுவார்கள்.

இவா வீட்டில் மேசை கிடையாது. தரையில் அழகான பாய், அதன்மேல் அண்ணன், தங்கை, அத்தை, சித்தப்பா, எப்போதும் சிரிப்பு. எழுதுவதென்றால் குப்புறப் படுத்துத்தான் எழுத வேண்டும். அப்படி எழுதினால் இவாவின் எழுத்துகளும் படுத்துக்கொள்ளும்.

இவாவின் அப்பா சாகியூசாவும் பல்ராமும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். அவர்களுக்குள் 'கெரெகெரே' உண்டு. அது ஃபிஜிக்காரர்களின் வழக்கம். வேண்டியவர் ஒருவர் வந்து "கெரெகெரே" என்று கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. இன்றைக்கு உப்பு, நாளைக்கு மண்வெட்டி. அப்பாவின் நீலச் சட்டை ஒன்று அப்படித்தான் போனது. இரண்டு தீபாவளி கழித்துத் திரும்பி வந்தது, ஒரு கை இல்லாமல்.

அப்பாவும் சளைத்தவர் இல்லை. கரும்பு வெட்ட ஆள் போதவில்லை என்றால் "கெரெகெரே" என்று போய் நிற்பார். சாகியூசா தன் தம்பிகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

இப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அந்த வருஷம் தலைநகர் சுவாவில் சிலர் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்து அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பெரியவர்கள் ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வந்தால் அணைத்தார்கள். போதாததற்கு அப்பாவின் நிலக் குத்தகையும் முடிந்தது. நிலம் சாகியூசாவின் குலத்தாருக்குச் சொந்தம். இனி நாங்களே பயிரிடுகிறோம் என்று குலத்துப் பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். சாகியூசா ஒருவர் பேசி மாற்றக்கூடிய காரியமில்லை.

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில், நிரஞ்சனாவின் மாமா இருக்கிறார். "கிளம்பி வந்துடுங்க," என்றார் அவர். ஆளுக்கு இரண்டு பெட்டி. அவ்வளவுதான் விமானத்தில் கொண்டுபோகலாம்.

வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகப் போயின. தையல் மெஷின் போனது. அலமாரி போனது. கோழிகளைப் பக்கத்து வீட்டு அப்பலசாமி தாத்தா வாங்கிக்கொண்டார். கோழிகள் மட்டும் விவரம் தெரியாமல் மாலையானதும் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தன.

"அப்பா, மேசையை இவாவுக்குக் குடுத்துடலாம்," என்றாள் நிரஞ்சனா.

"அரே, என்ன பேட்டா இப்படிக் கேக்கறே? இருநூறு வருஷத்து மேசைம்மா அது! நமாகாவுல கிரெக்குன்னு ஒருத்தர் இருக்காரு. ஓட்டல்காரர். பழைய சாமானா தேடித் தேடி வாங்கறாராம். அவரு வந்து பாத்து மதிப்புப் போடட்டும். ஓட்டல் வாசல்லயே வெப்பாங்க. வெள்ளைக்காரங்கள்லாம் நின்னு பாத்துட்டுப் போவாங்க. உங்க தாத்தா பேரு நிக்கும்."

"அடுத்த வருஷம் இவாவுக்கு ஆறாம் வகுப்புப் பரீட்சை. வெள்ளைக்காரங்க பரீட்சை எழுதப் போறாங்களா?"

பதில் தெரியாதபோது எப்போதும் செய்வதைப் போலவே, அப்பா எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார். குழாய் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

மறுநாள் கிரெக் வருகிறார் என்றதும் அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொண்ணு பார்க்க வருவதைப் போல வீட்டைப் பெருக்கச் சொன்னார். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது வாங்கிய வார்னிஷ் அரை டின் மிச்சம் இருந்தது. அதை எடுத்து மேசை முழுவதும் பூசிவிட்டார்.

"பழைய சாமான் வாங்கறவருக்கு எதுக்கு இவ்ளோ பளபளப்பு?" என்று கேட்டாள் அம்மா கமலா.

"பழசுன்னா அழுக்காவா இருக்கணும்? வர்றவருக்குப் பளிச்சுன்னு தெரிய வேணாமா?"

கிரெக் வேனில் வந்து இறங்கினார். உயரமான மனிதர். நல்ல சிரிப்பு. "புலா!" என்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். மேசையைக் கண்டதும், "ஆகா!" என்று ஆசையாக அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

கை ஒட்டிக்கொண்டது.

அதைப் பிரித்தெடுக்க அம்மா மண்ணெண்ணெய்த் துணி கொண்டுவர வேண்டியிருந்தது. நிரஞ்சனா சிரிப்பை அடக்க இழுப்பறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிரெக் மட்டும் கொஞ்சமும் கோபப்படவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தார். இழுப்பறைகளை வெளியே எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பூதக் கண்ணாடியை ஓட்டைகளுக்கு மேல் வைத்தார்.

"பாருங்க, பாருங்க. இங்கிலாந்துப் புழு," என்றார் அப்பா பெருமையோடு.

"ம்ம்," என்றார் கிரெக். "எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டும்."

"நான் சொல்றேன் அங்கிள்!" நிரஞ்சனாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நானும் இவாவும் எல்லா ஓட்டையிலயும் குண்டூசி விட்டுப் பாத்திருக்கோம். எல்லாத்துலயும் பாதி ஊசிதான் போகும். ஒரே ஆழம். நேரா போய் டக்குன்னு நின்னுடும்!"

கிரெக் அவளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும், தான் சொல்லக்கூடாத எதையோ சொல்லிவிட்டோம் என்று நிரஞ்சனாவுக்குப் புரிந்தது.

"மிஸ்டர் பல்ராம்," என்றார் கிரெக் மெதுவாக, "புழு நேராகப் போகாது. வளைந்து வளைந்து போகும். இது புழு போட்ட ஓட்டை இல்லை. துளைக் கருவியால் போட்டது."

"புழு இல்லையா?"

"பழைய மேசை மாதிரியே தெரிய வேண்டும் என்று கடைக்காரர்கள் இப்படிச் செய்வதுண்டு. இந்த மைத்துளிகளும் தெளித்த பெயிண்டுதான். மேலே இருப்பது தோல் இல்லை, ரெக்சின். இழுப்பறைக்குப் பின்னால் ஒட்டுப்பலகை. ஐம்பது வருஷம் இருக்கலாம். பழைய மேசை ஒன்றின் மேல் ஆசைப்பட்டு, அதைப் பார்த்துச் செய்த மேசை. நல்ல மேசைதான். ஆனால் என் ஓட்டலுக்கு நான் தேடுவது இது இல்லை."

ஒரு சின்ன விலைக்கு எடுத்துக்கொள்வதாக கிரெக் சொன்னார். அப்பா தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். கிரெக் மேசையின் ஓரத்தில் இருந்த வட்டமான கறுப்புத் தழும்பைத் தொட்டு, "இது மட்டும் நிஜம். சூடான எதையோ வைத்திருக்கிறார்கள்," என்றார்.

"பருப்புச் சட்டி," என்றாள் அம்மா. "கல்யாணம் ஆகி வந்த புதுசுல."

வேன் போன பிறகும் அப்பா வாசலிலேயே நின்றார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! டாக்டரிடம், ஹெட்மாஸ்டரிடம், கோவில் ஐயரிடம். ஊரில் பாதிப் பேர் அந்த ஓட்டைகளைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

நிரஞ்சனா அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நான் ஊசி விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ என்னம்மா பண்ணுவே? ஓட்டை நேரா இருந்தா நேராத்தானே சொல்லணும்." அவர் அவள் தலையைத் தடவினார்.

"அப்போ இவாவுக்குக் குடுத்துடலாமா?"

"வேணாம்!" என்றார் அப்பா. "இத்தனை வருஷமா சாகியூசாகிட்ட இருநூறு வருஷம் இருநூறு வருஷம்னு பீத்திக்கிட்டேன். இப்போ யாரும் வேணாம்னு சொன்ன போலியைக் கொண்டுபோய் அவன் கையில குடுக்கவா? மானமே போயிடும். சனிக்கிழமை நம்ம பிரிவு விருந்துக்கு அடுப்புக்கு விறகு வேணும்ல? உடைச்சுடறேன்."

"ரெக்சின் எரிஞ்சா நாத்தம் அடிக்கும்," என்றாள் அம்மா.

"உரிச்சுட்டு உடைக்கறேன்!"

அப்பா கோடாரியைத் தேடிப் போனார். நல்ல வேளை, கோடாரி சாகியூசா வீட்டில் இருந்தது. போன மாதக் கெரெகெரே.

நிரஞ்சனா ஓடைப் பாலத்துக்கு ஓடினாள். இவா அங்கே மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் நிரஞ்சனா ஒரே மூச்சில் சொன்னாள்.

"உங்க அப்பாவை வரச் சொல்லு இவா. வந்து கெரெகெரேன்னு மேசையைக் கேக்கச் சொல்லு. எங்க அப்பா இல்லேன்னு சொல்லவே முடியாது."

இவா மாங்கொட்டையைத் தண்ணீரில் எறிந்தாள். "அப்பா கேக்க மாட்டாரு. அம்மா போன வாரமே சொன்னாங்க, அந்த மேசையைக் கேளுங்கன்னு. அப்பாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. 'நிலமும் நம்மகிட்ட வந்துடுச்சு. பல்ராம் ஊரை விட்டே போறான். இப்போ போய் மேசையையும் குடுன்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?' அப்படின்னு சொல்லிட்டாரு."

இருவரும் காலைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் மாங்கொட்டையை உருட்டிக்கொண்டு போனது. ஒருவருக்குக் கேட்க வெட்கம். இன்னொருவருக்குக் கொடுக்க வெட்கம். நடுவில் மேசை விறகாகப் போகிறது. இந்தப் பெரியவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

நிரஞ்சனா சட்டென்று எழுந்தாள்.

"எங்க போறே?"

"நீ வீட்டுக்குப் போ. உங்க அப்பா எங்கயும் போகாம பாத்துக்கோ. நான் வரேன்!"

வீட்டில் அம்மா சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அப்பலசாமி தாத்தாவிடம் கோடாரி கேட்கப் போயிருந்தார்.

"அம்மா, யங்கோனாக் கட்டு ஒண்ணு வேணும்."

யங்கோனா என்பது ஒரு வேர். அதை இடித்துத் தண்ணீரில் கலக்கிப் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து குடிப்பார்கள். ஃபிஜிக்காரர் ஒருவரிடம் முக்கியமான விஷயம் பேசப் போனால், அந்த வேர்க்கட்டை அவர் முன்னால் வைத்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

"உனக்கு எதுக்குடி யங்கோனா?"

"கெரெகெரே," என்றாள் நிரஞ்சனா.

அம்மா கேட்க நினைத்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு, பரணிலிருந்து பேப்பர் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "முகத்தைக் கழுவிட்டுப் போ," என்றாள்.

சாகியூசா வீட்டுப் பாயில் உட்கார்ந்து மீன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆள் கதவு அளவு இருப்பார். நிரஞ்சனா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தபடி உள்ளே வந்தாள். அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறாள். அதேபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டை அவர் முன்னால் வைத்தாள்.

சாகியூசா சிரிக்க வாயெடுத்தார். கட்டைப் பார்த்ததும் வாயை மூடி, வலையைத் தள்ளி வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். வைத்தது சின்னப் பெண்தான். ஆனால் யங்கோனா யங்கோனாதானே.

"அங்கிள், நான் ஒண்ணு கேக்க வந்திருக்கேன்," என்றாள் நிரஞ்சனா. "எங்க எழுது மேசை ஆக்லாந்துக்கு வர முடியாது. பெட்டிக்குள்ள நுழையாது. அதுக்கு இருக்க இடம் இல்ல. அதை உங்க வீட்ல வெச்சுப் பாத்துக்கணும். சும்மா வெச்சா அதுக்குப் பிடிக்காது. தினமும் இவா அதுல எழுதணும்."

கதவுக்குப் பின்னால் நின்ற இவா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். அது இருநூறு வருஷத்து மேசை இல்ல. ஐம்பது வருஷம்தான். புழு ஓட்டை பொய். தோல் பொய். மைத்துளியும் பொய். ஆனா நாலு காலும் நிஜம். கெரெகெரே அங்கிள்."

சாகியூசா கட்டின் மேல் கையை வைத்தார். அவருடைய பெரிய முகம் சிரிப்பதற்கும் அழுவதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடியது. கடைசியில் வழக்கப்படி கட்டைக் கையில் எடுத்து, ஏற்றுக்கொண்டேன் என்பதற்கு அடையாளமாகக் கனமாகக் கை தட்டினார்.

"நாலு காலும் நிஜம்!" என்றார். பிறகு தம்பிகளைக் கூப்பிட்டார். சமையலறையில் இருந்த இவாவின் அம்மா லீசா, பாயை நகர்த்தி ஜன்னல் ஓரமாக இடம் பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா அப்பலசாமி தாத்தாவின் கோடாரியோடு வீடு திரும்பியபோது, மேசை நான்கு பேர் தோளில் ஏறி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அரே சாகியூசா! என்ன இது?"

"உன் பொண்ணு யங்கோனா வெச்சு கெரெகெரே கேட்டுட்டா, மேசையைப் பாத்துக்கணும்னு. நான் இல்லேன்னு சொல்ல முடியுமா?"

அப்பாவின் முகம் சிவந்தது. "சாகி, அது வந்து… அது நிஜமான…"

"தெரியும். எல்லாம் சொல்லிட்டா." சாகியூசா அவர் கையிலிருந்த கோடாரியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த வெள்ளைக்கார ஆபீசர் கதையும் மேசையோட சேர்ந்து வருமா, இல்ல அதை நீ ஆக்லாந்துக்குக் கொண்டுபோறியா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்தச் சிரிப்போடு வெளியே வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சாகியூசா அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். நிலத்தைப் பற்றியும் குத்தகையைப் பற்றியும் மாதக்கணக்கில் இருவரும் பேசாமல் விட்டதை எல்லாம், வாசலில் நின்றே பேசி முடித்தார்கள். மேசையைத் தூக்கிய தம்பிகள்தான் பாவம், "அண்ணா, கனமா இருக்குது," என்று கத்த வேண்டியிருந்தது.

சனிக்கிழமை விருந்துக்கு வேறு விறகு கிடைத்தது. அப்பா யங்கோனா வட்டத்தில் உட்கார்ந்து மேசையின் கதையை முதலிலிருந்து சொன்னார். கிரெக்கின் கை ஒட்டிக்கொண்ட இடம் வந்தபோது எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். இப்போது கதை முன்னைவிட நன்றாக இருந்தது.

விமான நிலையத்தில் இவாவும் நிரஞ்சனாவும் அழுததை எழுதினால் இந்தப் பக்கம் நனைந்துவிடும். அதை விட்டுவிடலாம்.

ஆக்லாந்தில் குளிர். நிரஞ்சனா புதுப் பள்ளியில் புது மேசையில் உட்கார்ந்தாள். யாருடைய முழங்காலும் இடிக்காத மேசை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சாகியூசா வீட்டில் போன் கிடையாது; இவாவின் குரலைக் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது.

அடுத்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"நிரஞ்சனா! நான் இவா! தபால் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். பரீட்சையில பாஸ்! இப்போல்லாம் என் எழுத்து நிமிந்து நிக்குதுன்னு டீச்சர் சொன்னாங்க."

நிரஞ்சனா குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

"இரு, இரு, காசு தீர்ந்துடும். முக்கியமான விஷயம். மேசைக்குப் பின்னால ஒரு புது ஓட்டை வந்திருக்கு. கீழே மாவு மாதிரி கொட்டியிருக்கு. குண்டூசி விட்டுப் பாத்தேன். நேரா உள்ள போகவே இல்ல. வளைஞ்சு போகுது!"

நிரஞ்சனா போனைக் கையில் பிடித்தபடியே கத்தினாள். "அப்பா! நம்ம மேசையில புழு வந்துருச்சு! நிஜப் புழு!"

அப்பா சாப்பாட்டுத் தட்டோடு ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நான் சொன்னேனா இல்லையா?" என்றார், அறையில் இருந்த எல்லோரையும் பார்த்து. "நான் அப்பவே சொன்னேன்ல, அது பழைய மேசைன்னு!"

"சந்தோஷம்தான்," என்றாள் அம்மா. "மேசை முழுக்கத் தின்னுடப் போகுது. மருந்து அடிக்கச் சொல்லுங்க."

அப்பா போனை வாங்கினார். கொஞ்சம் யோசித்தார்.

"இவா, அப்பாவை மருந்து அடிக்கச் சொல்லும்மா," என்றார். "ஆனா அந்த ஒரு புழுவை மட்டும் விட்டுடுங்க. கெரெகெரே."